ஒட்டுப்படங்களின் ஊர்: சிவகாசி லேபிள் முதல் ஃப்ளெக்ஸ் வரை

வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைக் கழற்றி ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் முருகன் நிற்கிறார். பின்னால் பனி மூடிய மலை. பழனியில் பனி ஏது? வலது பக்கம் ஒரு அருவி, அது எந்த ஊர் அருவி என்று யாருக்கும் தெரியாது. மயிலின் நிழல் இடது பக்கம் விழுகிறது, முருகனின் வேலுக்கு நிழலே இல்லை. கீழே கொட்டை எழுத்தில் ஜவுளிக்கடை பெயர், போன் நம்பர். அதற்கும் கீழே, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால், பெரும்பாலும் ஒரு ஊர் பெயர் இருக்கும்: சிவகாசி.

நாலைந்து இடத்தில் இருந்து நாலைந்து படங்களை எடுத்து, வெட்டி, ஒட்டி, ஒரே படமாக ஆக்கியிருக்கிறார்கள். இதற்குக் கலைப் பள்ளிகளில் 'கொலாஜ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'ஒட்டுதல்' என்பதுதான் அதன் நேர் அர்த்தம். இன்று இந்த ஒட்டுவேலை கம்ப்யூட்டரில் நடக்கிறது. 'மழை', 'கடிகாரம்', 'பாட்டி வீடு' என்று வாரம் ஒரு தலைப்பு கொடுத்து, யார் நன்றாக ஒட்டுகிறார்கள் என்று போட்டி வைத்து விளையாடுவது உலகம் முழுக்கப் பலருக்குப் பொழுதுபோக்கு.

சிவகாசியில் இதே போட்டி பல தலைமுறையாக நடக்கிறது. ஆனால் அங்கே அது பிழைப்பு. தலைப்பு கொடுப்பவர் ஏஜெண்ட். கெடு ஆடிப் பதினெட்டு. பரிசு, ஆர்டர்!

இந்த ஊர் ஒட்டுப்படத்தின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு வினோதம் கண்ணில் படும். ஒவ்வொரு புதுக் கருவி வரும்போதும் ஒட்டுவது சுலபமாகிறது. ஒட்டியவரின் பெயர் மட்டும் படத்தை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது.

முதலில் தீப்பெட்டியில் இருந்து ஆரம்பிப்போம். சிவகாசியில் எல்லாமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. ஸ்வீடனில் இருந்து வந்தது, ஜப்பானில் இருந்து வந்தது. முதல் உலகப் போரில் ஸ்வீடன் சரக்கு குறைந்தபோது ஜப்பான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜப்பான்காரர்கள் வியாபாரத்தில் கெட்டி. இந்தியாவுக்கு அனுப்பும் தீப்பெட்டிகளில் கிருஷ்ணரையும் லட்சுமியையும் அச்சடித்து ஒட்டினார்கள். மான்செஸ்டர் துணி மில்களும் அதையே செய்தன. துணிக்கட்டு மேல் ஒட்டும் 'டிக்கெட்' எனும் வண்ணச் சீட்டில் இந்து தெய்வங்கள் இருக்கும். அங்கே இருந்து வரைந்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. கையில் கிடைத்த பழைய படங்களை வைத்து, அதில் ஒரு கிரீடம், இதில் ஒரு பூ வளையம் என்று சேர்த்து வரைந்தார்கள்.

1922-ல் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி உயர்ந்தது. உள்நாட்டில் செய்தால் லாபம் என்ற நிலை வந்தது. அந்த நேரத்தில்தான் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923-ல் தொழில் தொடங்கியது. அதே 1923-ல் ஸ்வீடன் கம்பெனியும் இந்தியாவுக்குள்ளேயே விம்கோ என்ற பெயரில் இறங்கிவிட்டது. அதாவது, எதிரே மெஷின் வைத்த பெரிய கம்பெனி. இந்தப் பக்கம் கையால் செய்யும் சிறு முதலாளிகள், வெயில், மழை இல்லாத வறண்ட பூமி.

தீப்பெட்டி செய்தால் லேபிள் வேண்டும். அதை எத்தனை நாள் வெளியூரில் அச்சடிப்பது? 1920-களின் கடைசியிலேயே லித்தோ அச்சு சிவகாசிக்குள் வந்துவிட்டது.

லித்தோ என்றால் கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே ஒரு உண்மையை வைத்து நடக்கும் தொழில். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவார்கள். கல்லை நனைத்தால் படம் இல்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், படம் உள்ள இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். தாளை வைத்து அழுத்தினால் படம். 1796-ல் ஜெர்மனியில் செனெஃபெல்டர் கண்டுபிடித்த வழி இது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்.

இதில் இருக்கும் ஒரு சின்னத் தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். தீப்பெட்டி லேபிள் உள்ளங்கையில் பாதி கூட வராது. ஒரு பெரிய தாளில் பல டஜன் லேபிள்களை ஒரே தடவையில் அச்சடித்தால்தான் கட்டுப்படியாகும். அதே புலியை அத்தனை முறை யார் வரைவது? அதனால் ஒரு தடவை வரைந்ததை 'டிரான்ஸ்ஃபர்' தாளில் பல பிரதிகள் எடுத்து, வெட்டி, வரிசையாக அடுக்கி, மொத்தமாகக் கல்லுக்கு இறக்குவார்கள். வெட்டி அடுக்கும்போது, பழைய லேபிளின் ஓரப் பூ வேலையை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் புலிக்குப் பதில் சிங்கத்தை வைக்கலாம். கீழே முதலாளி பெயரை மாற்றலாம். புது லேபிள் தயார்!

செலவுக் கணக்குப் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். வரைவது ஒரு தடவைச் செலவு. அதை எத்தனை லேபிளுக்குப் பங்கு போடுகிறோமோ அத்தனைக்கு அத்தனை ஒரு லேபிளின் செலவு குறையும். பழைய ஓவியம் செலவு எழுதித் தீர்ந்துபோன சரக்கு. அதை வெட்டி ஒட்டி மறுபடி ஓடவிட்டால் வருவதெல்லாம் லாபம். சிவகாசிக்காரர்களை ஒட்டுப்படத்துக்குத் தள்ளியது அழகுணர்ச்சி மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மை.

இன்னொரு காரணம், வாங்குகிறவர்கள். அன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கடையில் போய் கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள், படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். பட்டாசிலும் அதே கதை. லட்சுமி வெடி, குருவி வெடி என்றெல்லாம் நாம் சொல்வது மேலே ஒட்டியிருந்த படத்தின் பெயரை. படம்தான் பிராண்ட் என்று ஆனபிறகு, ஒருவன் படம் ஓடினால் அடுத்தவன் அதே மாதிரி, ஆனால் அதே இல்லாத படம் வேண்டும் என்பான். பூனைக்குத் தொப்பி, கப்பலுக்கு இன்னொரு பாய்மரம். இந்த 'அதே மாதிரி, ஆனா கொஞ்சம் வேற' என்ற உத்தரவுதான் சிவகாசி டிசைன் தொழிலின் அஸ்திவாரம்.

1934-ல் ஆங்கில அரசு தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியிலும் 'பேண்ட்ரோல்' என்ற சீட்டு ஒட்ட வேண்டும். ஆக, கட்டை விரல் நீளப் பெட்டியில் லேபிள் ஒன்று, அரசாங்கத்தின் சீட்டு ஒன்று. அதையும் ஒட்டித்தான் ஆக வேண்டும். யார் ஒட்டினார்கள்?

சிவகாசி வட்டத்தில் எம். புதுப்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு, காட்டுக்குள் பட்டாசு ஆலைகள். இந்தப் பகுதிக் கிராமங்களில் 'ஒட்டுவது' என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் கலை ஞாபகம் வராது. கூலி ஞாபகம் வரும். தீப்பெட்டிக் கூடு ஒட்டுவது, பட்டாசுக்குக் குழாய் சுற்றுவது, லேபிள் ஒட்டுவது. பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டிக் கொடுத்தால் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி. பல காலம் குழந்தைகளும் ஒட்டினார்கள். சின்ன விரல்கள் வேகமாக ஓடும் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு! 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு கிளம்பியதே சிவகாசியை வைத்துத்தான். லேபிள் படங்களை வரலாறாக எழுதுகிறவர்கள் இந்தப் பசைக் கைகளை ஒரு வரியில் தாண்டிப் போவது சரியில்லை.

இப்போது கொஞ்சம் வெளியூர் போய் வருவோம். ஒட்டுப்படத்தைக் கண்டுபிடித்தது யார் என்று ஐரோப்பியக் கலை வரலாற்றைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: 1912, பாரீஸ், பிக்காசோவும் பிராக்கும். நாற்காலிப் பின்னல் அச்சடித்த மெழுகுத் துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார் பிக்காசோ. பிராக் சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். அடுத்து பெர்லினில் ஹன்னா ஹோஹ் பத்திரிகைப் போட்டோக்களை வெட்டி அரசியலைக் கிண்டல் செய்தார். 1956-ல் லண்டனில் ரிச்சர்ட் ஹாமில்டன் ஒரு கண்காட்சிக்காக, அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களை வெட்டி ஒரு வரவேற்பறையை உண்டாக்கினார். 'நாளை எப்படி இருக்கும்' என்பதுதான் அந்தக் கண்காட்சியின் கரு. கருவைக் கொடுத்து ஒட்டச் சொல்வது அங்கேயும் இருந்திருக்கிறது பாருங்கள்.

ஆனால் அதே காலத்தில், சில இடங்களில் அதற்கு முன்பே, இந்தியாவிலும் கத்தரியும் பசையும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. ராஜஸ்தானில் நாத்துவாரா என்று ஒரு கோயில் நகரம். அங்கே இருந்த ஓவியர்கள், ஜெர்மனியில் அச்சான மலை, ஏரிக் காட்சிகளை வாங்கி அதன் மேல் கிருஷ்ணரை வெட்டி ஒட்டினார்கள். கோயிலுக்கு வந்த பக்தரின் போட்டோவில் இருந்து முகத்தை மட்டும் வெட்டி, ஸ்ரீநாத்ஜியை வணங்குவது போல வரைந்த உடம்பின் மேல் ஒட்டிக் கொடுப்பதும் உண்டு. நம்ம பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் ரவி வர்மாவின் அச்சுப் படத்தை வாங்கி, சரஸ்வதிக்கு நிஜச் சேலைத் துணியும் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ரவி வர்மாவின் அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது. ஆக, பிக்காசோ மெழுகுத் துணியை ஒட்டிய காலத்தில் இங்கேயும் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிக்காசோ ஒட்டியது மியூசியத்தில் இருக்கிறது, கீழே பெயரும் இருக்கிறது. இங்கே சேலை ஒட்டிய கைகளின் பெயர் யாருக்குத் தெரியும்?

பெயர் தெரிந்த ஒரு காலமும் சிவகாசிக்கு இருந்தது. அதற்குக் கோவில்பட்டிக்குப் போக வேண்டும்.

சி. கொண்டைய ராஜு. 1898-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் பக்கத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பிறகு நாடகக் கம்பெனிகளுக்கு சீன் வரையும் வேலைக்குப் போனார். 1942-ல் கோவில்பட்டியில் வைத்து அவர் இருந்த கம்பெனி கலைந்துபோனது. ராஜு ஊர் திரும்பவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்ற போட்டோ ஸ்டூடியோவும் ஓவியமும் ஒன்றாக நடந்தன. பக்கத்திலேயே சிவகாசி. காலண்டர் அச்சடிக்கப் படம் வேண்டும் என்று அச்சாபீஸ்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

காரணமும் வியாபாரக் காரணம்தான். லேபிளுக்கு என்று மெஷின் வாங்கிப் போட்டாகிவிட்டது. அதைச் சும்மா வைத்திருந்தால் நஷ்டம். காலண்டர், சாமி படம், டைரி என்று ஏதாவது ஓட வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு வட இந்தியப் படப் பதிப்பாளர்களும் அச்சுக்கு சிவகாசியைத் தேடி வந்தார்கள்.

கொண்டைய ராஜு ஒட்டுப்படக்காரர் இல்லை. கையால் முழுசாக வரைந்தவர். ஆனாலும் அவரை இந்தக் கதையில் விட முடியாது. நாடக சீன் என்பது என்ன? தர்பார் சீன், காடு சீன், தெரு சீன், நந்தவன சீன் என்று சில திரைகள் இருக்கும். எந்த நாடகமானாலும் அந்தத் திரைகள்தான் மாறி மாறி இறங்கும். முன்னால் அரிச்சந்திரன் நிற்கலாம், வள்ளி நிற்கலாம். போட்டோ ஸ்டூடியோவும் அப்படித்தான். பின்னால் வரைந்த மாளிகை, முன்னால் புது மாப்பிள்ளை. இந்த இரண்டு இடத்திலும் வேலை பார்த்தவர் சாமி வரைந்தால் எப்படி வரைவார்? கஜலட்சுமி நம்மை நேராகப் பார்த்து நிற்பார், பின்னால் குளமும் மலையும் திரை போலத் தொங்கும். ஆளும் திரையும் வேறு வேறு என்று பார்த்த உடனே தெரியும். பிற்காலத்தில் கத்தரி எடுத்தவர்களுக்கு எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தது போல இருந்தது அது! தெய்வத்தை உருவி எடுத்து வேறு திரைக்கு முன்னால் நிறுத்தினால் யாருக்கும் உறுத்தவில்லை.

ராஜு 1976-ல் காலமானார். அவர் காலத்து அச்சுப் படங்களில் ஓரத்தில் கையெழுத்து இருக்கும். ராஜு, சுப்பையா, ராமலிங்கம் என்ற பெயர்கள் கோடிக்கணக்கான பூஜையறைகளுக்குள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

அடுத்து வந்தது ஆல்பம் காலம். ஆடிப் பெருக்கு அன்று பூஜை போட்டு, அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுவது சிவகாசியின் வழக்கம். ஏஜெண்டுகள் அந்தக் கனத்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கடை ஏறுவார்கள். கடைக்காரர் புரட்டிப் பார்த்துத் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார். படத்துக்குக் கீழே ஓவியர் பெயர் முக்கியமில்லை, டிசைன் நம்பர்தான் முக்கியம். ஆர்டர் புத்தகத்தில் ஏறுவது நம்பர்தான்.

அந்த ஆல்பத்தைப் புரட்டினால் தலைப்புப் போட்டி என்றால் என்ன என்று விளங்கிவிடும். வங்காளத்துக்குத் துர்க்கை, பஞ்சாபுக்கு குருநானக், தமிழ்நாட்டுக்கு முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா மதினா, இயற்கைக் காட்சி, தலைவர்கள், கொழுகொழு குழந்தை. எந்த மதத்துக்காரர் கடை வைத்திருந்தாலும் குழந்தை படத்துக்கு மறுப்பு இருக்காது என்பது ஒரு வியாபாரக் கணக்கு. ஒவ்வொரு வருடமும் தலைப்பு அதேதான். படம் மட்டும் போன வருடம் மாதிரி இருக்கக் கூடாது. ரொம்பவும் மாறிவிடவும் கூடாது. மாறினால் சாமி மாதிரி இல்லை என்று கடைக்காரர் பக்கத்தைத் தள்ளிவிடுவார். நூற்றுக்கணக்கான டிசைன்களை ஆடிக்குள் முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக வரையச் சொன்னால் எத்தனை ராஜு வேண்டும்?

அதனால் பிலிமில் வெட்டு ஆரம்பித்தது. லித்தோ கல் போய் ஆஃப்செட் வந்த பிறகு படம் என்பது நாலு நிறத்துக்கு நாலு பிலிம். லைட் டேபிள் மேல் பிலிமை வைத்து, பிளேடால் வெட்டி, டேப்பால் ஒட்டி, ஓவியத்தின் பின்னணியை மறைத்து வேறு பின்னணியைக் கொடுக்கலாம். சேர்ந்த இடம் தெரியாமல் ஏர்பிரஷ்ஷில் ஒரு புகை மூட்டம். சாமி படங்களில் மேகம் அத்தனை தாராளமாக மிதப்பதற்குப் பக்தி ஒரு காரணம், ஒட்டு தெரியாமல் மறைப்பது இன்னொரு காரணம் என்று சந்தேகப்பட நிறைய இடம் இருக்கிறது. :-)

இந்தக் கட்டத்தில் ஒரு கேள்வி வருகிறது. அந்த ஓவியம் யாருடையது?

பி.காம். படிப்பவர்களுக்கு பிசினஸ் லா தாள் உண்டு என்பதால் சட்டத்தையே பார்த்துவிடலாம். 1957-ஆம் வருடத்திய காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, காசு கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஒரு தடவை பணம் வாங்கிக்கொண்டு ஓவியத்தைக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். அச்சாபீஸ்காரர் அதைப் பத்து வருடம் அச்சடிக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். ஓவியருக்குக் கூடுதலாகப் பைசா கிடையாது.

ஆனால் அதே சட்டத்தில் 57-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையை விற்றுவிட்டாலும், 'இதைப் படைத்தவன் நான்' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது அது. பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் கேள்வி கேட்கவும் முடியும். வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனில் செய்து கொடுத்த பெரிய சுவர்ச் சிற்பத்தை 1979-ல் அரசாங்கமே பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டது. வழக்கு இழுத்து இழுத்து 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பி பக்கம் தீர்ப்புச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னது. சேகலுக்கு வழக்கு நடத்தத் தெம்பு இருந்தது. கூலிக்குக் காலண்டர் வரைகிறவர், அடுத்த வருட வேலையைக் கொடுக்கப் போகிற அச்சாபீஸ் மேலேயே வழக்குப் போடுவாரா?

இன்னொரு கணக்கு: காப்புரிமை ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு 60 வருடமும் இருக்கும். ராஜு இறந்தது 1976. ஆக அவருடைய ஓவியங்களுக்கு 2036 கடைசி வரை காப்புரிமை உயிரோடு இருக்கிறது. இன்று அவருடைய முருகனை ஸ்கேன் செய்து, பின்னணியைத் தூக்கிவிட்டு, போனில் வால்பேப்பராகச் சுற்ற விடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கையெழுத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்?

கம்ப்யூட்டர் கதைக்கு வந்துவிட்டோம். போட்டோஷாப் 1990-ல் வெளியானது. 1994-ல் வந்த மூன்றாம் பதிப்பில் 'லேயர்' என்ற வசதி சேர்ந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் அடுக்கியது போல, ஒவ்வொரு துண்டுப் படமும் தனித் தனி அடுக்கில் இருக்கும். லைட் டேபிளில் பிலிம் அடுக்கிப் பழகிய ஊருக்கு இதைப் புரியவைக்க யாரும் மெனக்கெட வேண்டியிருந்திருக்காது. அதே வேலை, பிளேடும் டேப்பும் இல்லாமல். தப்பாக வெட்டினால் பிலிம் வீணாகாது, ஒரு பட்டனைத் தட்டினால் பழையபடி வந்துவிடும். கிரீடம் ஒரு ஃபைல், நகை ஒரு ஃபைல், தாமரை ஒரு ஃபைல், மலை ஒரு சிடி நிறைய. ஒரு முகத்தை வைத்து, நகையை மாற்றி, சேலை நிறத்தை மாற்றி, ஒரே மத்தியானத்தில் லட்சுமியை ஐந்து டிசைன் ஆக்கிவிடலாம்.

இதில் திறமை இல்லை என்று சொல்வது அநியாயம். பத்து இடத்தில் இருந்து வந்த துண்டுகளுக்கு ஒரே வெளிச்சம் கொடுப்பது லேசுப்பட்ட வேலையே அல்ல. ஆனால் மாதச் சம்பளத்தில் உட்கார்ந்து ஒட்டுகிற டிசைனர் கையெழுத்துப் போடுவதில்லை. எங்கே போடுவது? முகம் பழைய ஓவியர் ஒருவருடையது, மலை யாரோ வெள்ளைக்காரர் எடுத்த போட்டோ. தன்னுடையது ஒட்டு மட்டும். ஹாமில்டனும் ஒட்டு மட்டும்தான் செய்தார் என்பது வேறு விஷயம்.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. சிவகாசி ஆல்பத்தின் தலைப்புகள் தெய்வத்துக்கு என்றால் ஃப்ளெக்ஸின் தலைப்புகள் மனிதருக்கு: கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. எம். புதுப்பட்டி அளவுள்ள ஊர்களிலும் மாப்பிள்ளை சிங்கத்தின் பக்கத்தில் நிற்பார், நண்பர்கள் முப்பது பேரின் முகம் கீழே பாஸ்போர்ட் சைஸில் வரிசை கட்டும். நாத்துவாராவில் பக்தரின் முகத்தை வெட்டி ஒட்டியதை நினைத்துப் பாருங்கள், அப்படியே அதுதான். சாயம் தொட்டுப் பேனர் எழுதிய ஓவியர்கள் ஒவ்வொருவராக வேறு பிழைப்புக்குப் போனார்கள். 2019 செப்டம்பரில் சென்னையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து ஒரு இளம்பெண் உயிரிழந்தபோது, பேனர் வைத்தது யார், அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்விகள் நீதிமன்றம் வரை போயின. கட்சிகள் இனி பேனர் வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டன. கொஞ்ச நாள் கூட அது நிற்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

2022-ல் இருந்து, சொன்னால் படம் வரைந்து கொடுக்கும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது. அது கோடிக்கணக்கான பழைய படங்களைப் பார்த்துப் பழகியது. அந்தக் கூட்டத்தில் காலண்டர் சாமிகளும் இருந்திருப்பார்கள் என்பது அதன் லட்சுமி முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அம்மனுக்கு எத்தனை கை என்று எண்ணுவதில் அதற்கு இன்னும் குழப்பம் உண்டு. சிவகாசி டிசைனருக்கு அந்தக் குழப்பம் வராது.

பட்டாசு லேபிளை மறந்துவிட்டோமே. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டுமே வெடிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. இந்தப் பகுதிக்கு அது பெரிய அடி. 2019-ல் நீரி ஆய்வு நிறுவனம் பசுமைப் பட்டாசுகளை அறிமுகப்படுத்தியபோது, போலியைக் கண்டுபிடிக்க பெட்டி மேல் ஒரு பச்சை முத்திரையும் கியூஆர் கோடும் சேர்ந்தன. 1934-ல் தீப்பெட்டிக்குப் பேண்ட்ரோல் வந்தது மாதிரி, லேபிளுக்குள் அரசாங்கத்தின் துண்டு ஒன்று மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. எச்சரிக்கை வாசகம், எடை, விலை, உரிம எண் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. டிசைனர் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் போட்ட சதுரத்தை ஒரு புது லேயரில் இறக்கி, அதற்கு இடம் பண்ணுவதற்காகப் புலியைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்த வேண்டும். வால் வெட்டுப்பட்டுப் போகும். பரவாயில்லை, தலை இருக்கிறதே!